“செய்யாதே” என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முடிந்த கோடை லீவில் கண்ணை அடிக்கடி சிமிட்ட ஆரம்பித்தான். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், மூன்று மாதத்தில் நின்றது. அப்புறம் மூக்கைச் சுருக்கினான். போன ஜூனிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். சளி மருந்து, அலர்ஜி மாத்திரை எல்லாம் கொடுத்தாயிற்று. இரண்டு மாதமாகக் கழுத்தை வெடுக்கென்று ஒரு பக்கம் வெட்டுகிறான். அவன் அப்பா, “பழக்கதோஷம், நாலு போட்டால் நிற்கும்” என்கிறார். அப்பத்தா கயிறு மந்திரித்துக் கட்டினார். பத்து நாள் நன்றாக இருந்தான், மறுபடி வந்துவிட்டது. வகுப்பில் மிஸ் அவனைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார். ஒரு டாக்டர் ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதினார், பயத்தில் இன்னும் கொடுக்கவில்லை. இன்னொருவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொண்டைக் கிருமிதான் காரணம், மாதாமாதம் ஊசி போடலாம் என்கிறார். வீடியோக்களில் இதைக் கெட்ட வார்த்தை பேசும் நோய் என்கிறார்கள். தங்கச்சி பிறந்த சமயத்தில் அவனை நான் நிறைய அடித்துவிட்டேன், அதனால் வந்ததா? என் மாமனாருக்கும் தோளைத் தூக்கும் பழக்கம் இருந்ததாம். இது எதனால் வருகிறது, மருந்து கொடுக்கலாமா, காலம் முழுக்க இருக்குமா? பெயர் வெளியிட வேண்டாம்.

— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, கடிதத்தின் நடுவில் ஒளித்து வைத்தது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி பிறந்த சமயத்தில் அடித்ததைப் பற்றி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடித்ததால் இது வரவில்லை. தங்கச்சிமேல் பொறாமைப்பட்டும் வரவில்லை. பிள்ளையை அடிக்கலாமா என்று கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் அவன் கழுத்து வெட்டுவதற்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் கிடையாது. இத்தனை மாதம் அந்தப் பாரத்தைச் சுமந்தது போதும், இறக்கி வையுங்கள்.

பையனை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது முறையில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது அத்தனை தெளிவாக இருக்கிறது. கண் சிமிட்டல் வந்து போகிறது, மூக்குச் சுருக்கல் வருகிறது, பிறகு செருமல், அதோடு கழுத்து. ஒன்று போய் ஒன்று வருவதும், சில வாரம் கூடுவதும் சில வாரம் குறைவதும்தான் இதன் அடையாளம். இதை டிக் என்கிறோம். தமிழில் இதற்கென்று ஒரு சொல் புழக்கத்தில் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. பெயர் இல்லாததால் சேட்டை, பழக்கதோஷம், திமிர் என்று கைக்குக் கிடைத்ததைப் பிள்ளைமேல் ஒட்டிவிடுகிறோம்.

உடம்பில் பல டிக்குகளும், குரலில் ஒன்றாவதும் இருந்து, 18 வயதுக்கு முன்னால் தொடங்கி, ஒரு வருடத்தையும் தாண்டிவிட்டால் அதற்கு டூரெட் என்று பெயர். உங்கள் மகனுக்கு இந்த அளவுகோல் பொருந்துகிற மாதிரிதான் தெரிகிறது. பெயரைக் கேட்டுப் பதறாதீர்கள். லேசாக இருந்தாலும் கடுமையாக இருந்தாலும் அதே பெயர்தான். நூறு பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இது இருக்கிறது, ஆண்பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். கெட்ட வார்த்தை தானாக வாயில் வருவது இவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான். வீடியோ எடுக்கிறவர்கள் அந்த ஒருவரைத் தேடிப் போய் எடுக்கிறார்கள்.

இப்போது பையனின் அப்பாவுக்கு ஒரு வேலை. செய்தித்தாளில் ஏதாவது ஒரு பத்தியை அவர் சத்தமாக வாசிக்கட்டும். ஒரு நிமிடம் வரை கண் சிமிட்டக் கூடாது. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பதினைந்து வினாடி ஒன்றும் தெரியாது. அப்புறம் கண்ணில் ஒரு உறுத்தல் தொடங்கும். அது ஏறிக்கொண்டே போய், சிமிட்டினால்தான் ஆச்சு என்று முட்டும். சிமிட்டியதும் ஒரு நிம்மதி வரும். உடனே, வாசித்த பத்தியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பாதிகூட மனதில் நின்றிருக்காது.

உங்கள் மகனுக்குக் கழுத்தில் ஏறுவதும் அந்த முட்டல்தான். அவன் வகுப்பில் கணக்கைக் கவனிப்பதும் அந்த நிலைமையில்தான். கண் சிமிட்டல் நம் எல்லோருக்கும் தானாகவும் நடக்கும், கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். டிக்கும் அப்படி நடுவில் நிற்கிற ஒன்று. அவனாக வேண்டுமென்று செய்வதில்லை, அதே சமயம் சிறிது நேரம் பிடித்து வைக்க முடியும். இந்த இரண்டாவது பாதிதான் பிள்ளைகளுக்கு வினையாக முடிகிறது. “மாமா வீட்டில் ஒழுங்காகத்தானே இருந்தாய், அப்போ நினைத்தால் நிறுத்த முடிகிறதல்லவா?” என்று கேட்டுவிடுகிறோம். அங்கே அவன் எவ்வளவு பாடுபட்டுப் பிடித்து வைத்திருந்தான் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

என் அறையில் இது அடிக்கடி நடப்பது. பிள்ளை எதிரே பத்து நிமிடம் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்குச் சங்கடமாகிவிடும். “வீட்டில் ஓயாமல் செய்வான் டாக்டர், இங்கே பாருங்கள், ஒன்றுகூட இல்லை” என்பார். நான் பேச்சை முடித்து வெளியே அனுப்பிவிட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் கண், மூக்கு, தோள் என்று வரிசையாகக் கொட்டித் தீர்க்கும். பதினொரு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னது இது: “கழுத்துக்குப் பின்னாடி சட்டை லேபிள் குத்துற மாதிரி இருக்கும் டாக்டர். ஆனா சட்டை போடாதப்பவும் குத்தும்.” பத்து வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லத் தெரியாது. உங்கள் மகனிடம் கேட்டால் “தெரியல” என்றுதான் சொல்வான். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதனால் வருகிறது என்று கேட்டீர்கள். மருத்துவ உலகமே இந்தக் கேள்வியில் நீண்ட காலம் தவறான திசையில் போய்த் திரும்பியிருக்கிறது. 1885-ல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஜில் டி லா டூரெட் என்ற இளம் மருத்துவர் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். இது பரம்பரையில் வருகிறது என்று அப்போதே அவருக்குத் தோன்றியது. நோய்க்கு அவர் பெயரை வைத்தவர் அவருடைய ஆசிரியர் ஷார்கோ. அதற்கு அடுத்த தலைமுறை உளப்பகுப்பாய்வுப் பக்கம் சாய்ந்தது. 1921-ல் புடாபெஸ்டின் ஃபெரென்ஸி, அடக்கி வைத்த ஆசைகள்தான் டிக்காக வெளிவருகின்றன என்று எழுதினார். அந்த வழியில் போனவர்கள் குறையைப் பிள்ளையின் மனதிலும் வளர்ப்பிலும் தேடினார்கள். எத்தனை தாய்மார்கள் உங்களைப் போலவே தங்களை நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனது கனக்கிறது.

திருப்பம் 1961-ல் வந்தது. ஹாலோபெரிடால் என்ற மருந்து டிக்கைக் குறைப்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். நியூயார்க்கில் ஆர்தர் ஷபீரோ, எலேன் ஷபீரோ தம்பதி அதே மருந்தை ஒரு இளம்பெண்ணுக்குக் கொடுத்துப் பார்த்து, இது மூளை சம்பந்தப்பட்ட நோய் என்று வாதாடினார்கள். அமெரிக்க இதழ்கள் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1968-ல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில்தான் வெளிவந்தது. அப்புறம் 1972-ல் நியூயார்க்கில் பெற்றோர்களே ஒன்றுகூடி ஒரு சங்கம் தொடங்கி, இது வளர்ப்புக் கோளாறில்லை என்று ஊருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஹாலோபெரிடால் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். அதனால் ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பியது. மூளையின் அடிப்பகுதியில் பேசல் கேங்கிலியா என்று சில நரம்புத் திரள்கள் உள்ளன. உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய் மடை பார்த்திருப்பீர்கள். எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது, எதை அடைத்து வைப்பது என்று மடைப்பலகைதானே முடிவு செய்யும்? அந்த வேலையை உடல் அசைவுகளுக்கு இந்தத் திரள்கள் செய்கின்றன. கை எழுதும்போது தோள் சும்மா இருக்க வேண்டும், கண் வாசிக்கும்போது கழுத்து அசையக் கூடாது. டிக் உள்ளவர்களுக்குப் பலகை முழுக்க இறங்காமல், வேண்டாத அசைவு ஒன்று கசிந்து வந்துவிடுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கடுமையான டூரெட்டுடன் வாழ்ந்து இறந்த சிலரின் மூளைகளைச் சோதித்தார்கள். அந்தப் பகுதியில் தடுப்பு வேலை பார்க்கும் ஒரு வகை நரம்புச் செல்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய மூளைகளைத்தான் என்பதால் எல்லோருக்கும் இதுவேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரச்சினை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

கடைசியில் மாமனாரின் தோளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நோய்க்கான காரணத்துக்கு மிக அருகில் இருக்கிற வரி அதுதான். ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், ஒருவருக்கு டிக் வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வித்தியாசத்தில் ஏறத்தாழ 77 சதவீதத்தைப் பரம்பரை விளக்குகிறது என்று கணக்கிட்டார்கள். அப்படியென்றால் அந்த மரபணு எது? 2010-ல் ஒரு குடும்பத்தைப் பற்றிச் செய்தி வந்தது. அப்பாவுக்கும் அவருடைய எட்டுப் பிள்ளைகளுக்கும் டிக். மூளையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்க உதவும் ஒரு மரபணுவில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பிழை. ஆனால் அது மிக அரிது. 2019-ல் 4,819 டூரெட் நோயாளிகளின் மரபணுவை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது, பெரும்பாலோருக்கு ஒற்றைக் காரணம் இல்லை, சின்னச் சின்ன மாற்றங்கள் நிறையச் சேர்ந்துதான் இது வருகிறது என்பது. அதனால் இதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “உங்கள் வீட்டு வழிதானே வந்திருக்கிறது” என்று இதை வீட்டில் ஒரு சண்டையாக்கிவிடாதீர்கள். உங்கள் பக்கத்திலும் யாருக்காவது இருந்திருக்கலாம், யாரும் பெயர் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தொண்டைக் கிருமி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1998-ல் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோவும் அவருடன் வேலை செய்தவர்களும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குத் திடீரென்று டிக்கும், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் ஓ.சி.டி.யும் வந்ததாக 50 பேரை வைத்து எழுதினார்கள். அதிலிருந்து, டிக் என்றாலே தொண்டைக் கிருமி என்ற எண்ணம் பல இடங்களில் பரவிவிட்டது. ஐரோப்பிய மையங்கள் பல சேர்ந்து, ஏற்கெனவே டிக் உள்ள 715 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். அந்தக் கிருமி தொற்றியதற்கும் டிக் அதிகமானதற்கும் தொடர்பு தென்படவில்லை. பள்ளிப் பிள்ளையின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்பு அளவு கூடியிருந்தால், அவனுக்கு எப்போதோ தொண்டைப்புண் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் மகனுக்கு இரண்டு வருடமாக மெதுவாக, படிப்படியாக வந்திருக்கிறது. டிக்குக்காக மட்டும் மாதாமாதம் ஊசி என்றால் நான் போட மாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை முக்கியம். அதே கிருமியால், இதயத்தைப் பாதிக்கக்கூடிய வாதக் காய்ச்சல் வந்து, அதன் தொடர்ச்சியாக கொரியா என்ற வேறொரு அசைவு நோய் வருவதுண்டு. நம் பக்கம் அது இன்னும் இருக்கிறது. அதில் கைகால்கள் நெளிந்து நெளிந்து ஓடும், டம்ளரைப் பிடித்தால் நழுவும், கையெழுத்து சில வாரத்தில் கோணிப் போகும், பிள்ளையால் அடக்கவும் முடியாது. அதற்குப் பென்சிலின் ஊசி அவசியம். இதயத்துக்காக யாருக்காவது அந்த ஊசி எழுதியிருந்தால் நான் இங்கே சொன்னதை வைத்து நிறுத்திவிடக் கூடாது. உங்கள் டாக்டர் எதை மனதில் வைத்து ஊசி சொன்னார் என்று நேராகவே கேளுங்கள். அதுபோல அசைவின்போது நினைவு தப்பினாலோ, நடை மாறினாலோ, ஒன்றிரண்டு நாளில் பிள்ளையின் குணமே தலைகீழானாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்பத்தா கயிறு கட்டியதும் பத்து நாள் நன்றாக இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகவே நன்றாக இருந்திருப்பான். கண் சொட்டு மருந்துக்குப் பிறகும் நின்றதல்லவா? டிக் அலை மாதிரி, ஏறும், இறங்கும். அலை உச்சியில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடமோ கோவிலுக்கோ ஓடுகிறோம். எதைச் செய்தாலும் அடுத்த சில வாரத்தில் அது இறங்கத்தான் போகிறது, பெருமை அப்போது கையில் இருந்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. ஆராய்ச்சியாளர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு சிகிச்சையை நம்புவதற்கு முன், அதே காலத்தில் வேறு சிகிச்சை பெற்ற இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அப்பத்தாவிடம் கயிறு பொய் என்று வாதாட வேண்டாம். அது கையில் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் பேரனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி வேறொன்று இருக்கிறது. “பாரு, மறுபடி செய்றான்” என்று அவர் சொல்வதை நிறுத்துவது.

முதல் சிகிச்சையே அதுதான். பணம் செலவில்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்தால்தான் நடக்கும். டிக்கைப் பற்றிப் பேசினாலே அது கூடும். செருமலைப் பற்றி யாராவது கேட்ட மறு நிமிடம் பிள்ளை செருமுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கவனித்தும் கவனிக்காத மாதிரி விடுங்கள். திட்டுவதும் கூடாது, பரிதாபப்பட்டு வீட்டுப்பாடத்திலிருந்து விடுதலை கொடுப்பதும் கூடாது. டிக் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பேச்சு தொடரட்டும், சாப்பாடு தொடரட்டும்.

அதற்கு மேலும் அவனுக்குத் தொந்தரவாக இருந்தால், மாத்திரைக்கு முன் பயிற்சி. இதன் வேர் 1973-ல் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சி, ஆங்கிலத்தில் ஹேபிட் ரிவர்சல். இப்போது அதை விரித்து சிபிட் என்ற பெயரில் கற்றுக் கொடுக்கிறார்கள். 9 முதல் 17 வயது வரை 126 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். பத்து வாரம், எட்டு அமர்வு. பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மற்றக் கூட்டத்துக்கும் அதே அளவு நேரம் ஒதுக்கி ஆறுதலும் விளக்கமும் கொடுத்தார்கள், அதில் 18.5 சதவீதம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்துகளுக்கு முன்னால் இதைத்தான் வைக்கிறது. பாதிப் பேருக்குத்தானா என்று நினைக்கலாம். பக்கவிளைவு இல்லாமல் பாதிப் பேர் என்பது என் கணக்கில் பெரிய விஷயம்.

பயிற்சி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் அது “அடக்கிக்கொள்” என்பதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்று புரியும். முதல் வாரம் பிள்ளை எதையும் நிறுத்த வேண்டியதில்லை. தன் டிக் ஒன்றைத் துப்பறிந்தால் போதும். கழுத்து வெட்டுவதற்கு முன் எந்த இடத்தில் என்ன தோன்றுகிறது, தலை முதலில் எந்தப் பக்கம் அசைகிறது என்று அவனே கண்ணாடி முன் நின்று கண்டுபிடிப்பான். இதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு ஆர்வமாகச் செய்வார்கள். பிறகு, முட்டல் தோன்றிய உடனே அந்த டிக்கைச் செய்யவே முடியாத வேறொரு அசைவைக் கற்றுக்கொடுப்போம். கழுத்துக்கு, தாடையை லேசாக மார்புப் பக்கம் இழுத்துக் கழுத்துத் தசையை மென்மையாக இறுக்கிக்கொள்வது. செருமலுக்கு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக, ஒரே சீராக மூச்சுவிடுவது. ஒரு நிமிடம், அல்லது முட்டல் தணியும்வரை. பக்கத்தில் இருப்பவருக்கு அவன் ஏதோ செய்கிறான் என்றே தெரியாது. முட்டல் வந்தது, டிக் செய்யாமலே தணிந்தது என்பதை மூளை திரும்பத் திரும்பப் பார்க்கும்போது முட்டலின் வேகமே குறைய ஆரம்பிக்கிறது. ஒரு டிக்குக்கு ஒன்றிரண்டு வாரம், அப்புறம் அடுத்தது. தினமும் பயிற்சி செய்ததற்காக ஒரு சின்னப் பரிசு உண்டு. டிக் வந்ததற்காக எதையும் பறிக்கக் கூடாது.

“அடக்கினால் உள்ளே சேர்ந்து பின்னால் இரட்டிப்பாக வருமாமே?” என்று என்னிடம் பலர் கேட்பார்கள். பள்ளி விட்டு வந்ததும் கொட்டுவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆய்வகத்தில் பிள்ளைகளை அடக்கச் சொல்லி, பிறகு சும்மா விட்டுப் பார்த்தார்கள். முன்பிருந்த அளவைத் தாண்டிப் போகவில்லை. மாலையில் வீட்டில் அவன் பிடியைத் தளர்த்துகிறான், அவ்வளவுதான். இன்னொரு நல்ல செய்தி, செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே, டிக் தொடங்கிச் சில மாதமே ஆன பிள்ளைகளைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். சின்ன வெகுமதி கொடுத்தால் அந்த ஆரம்ப மாதங்களிலேயே பிள்ளைகளால் டிக்கை நன்றாகக் கட்டுப்படுத்த முடிகிறது என்று தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு வருடம் கழித்துக் கவனமாகப் பார்த்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதோ ஒரு டிக் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோருக்கு அது வெளியே தெரியாத அளவு லேசாகிவிடுகிறது.

இந்தப் பயிற்சி தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவ உளவியலாளரிடம் “ஹேபிட் ரிவர்சல் பயிற்சி கொடுப்பீர்களா” என்று இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலம், நரம்பியல் இரண்டு துறையும் இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத்துக்கென்றே துறை உண்டு. தூரம் ஒரு தடையாக இருந்தால் இதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 224 பிள்ளைகளை வைத்து இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பயிற்சியை இணையம் வழியாகவே கொடுத்து, 2021-ல் பலன் இருப்பதாகக் காட்டினார்கள். உடன் ஒரு பெற்றோர் உட்கார்ந்து செய்வது. முதலிரண்டு அமர்வுக்கு நேரில் போய், மீதியைப் போனில் வீடியோவாகச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மாத்திரைக்கு வருவோம். ரிஸ்பெரிடோன் எழுதிய டாக்டர் தவறான மருந்து எழுதவில்லை. டிக்குக்குப் பயன்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அரிப்பிப்ரசோல், ஹாலோபெரிடால், பிமோசைட், குளோனிடின் என்று வேறு சிலவும் உண்டு. இவை டிக்கைக் குறைக்கும், துடைத்து எடுக்காது. தூக்கம், பசி அதிகமாகி எடை ஏறுவது, சிலவற்றில் தசை இறுக்கம் என்று விலையும் இருக்கிறது. எனவே நான் கேட்கிற கேள்வி இது: டிக்கால் பிள்ளைக்கு என்ன நஷ்டம்? கழுத்து வலியால் தூங்காமல் இருக்கிறானா, வாசிக்க முடியவில்லையா, பள்ளிக்கே போக மறுக்கிறானா? ஆம் என்றால், பயிற்சியும் கிடைக்கவில்லை என்றால், குறைந்த அளவில் மருந்து தொடங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை. நமக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமானால், நான் காத்திருப்பேன். தொடங்கிய எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், குளோனிடினை அப்படித் திடீரென்று நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

புதிதாக என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். டோபமைனின் வேறொரு வாசலைத் தடுக்கும் எகோபிபாம் என்ற மருந்தைப் பிள்ளைகளிடம் சோதித்ததில் டிக் குறைந்தது, எடை ஏறவில்லை என்று 2023-ல் வந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டில் கடிகாரம் போலக் கட்டி, சீரான லேசான மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கிறார்கள். அதிலும் டிக்கும் முட்டலும் குறைகின்றன. மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சை 1999 முதல் இருக்கிறது, அது வேறெதற்கும் அடங்காத பெரியவர்களுக்கு. உங்கள் மகனுக்கு இதில் எதுவும் இப்போது தேவைப்படாது.

காலம் முழுக்க இருக்குமா? பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான் டிக் உச்சத்தில் இருக்கும். பிறகு வயசுக்கு வருகிற காலத்தில் தணியத் தொடங்கும். இளைஞனாகும்போது கணிசமானவர்களுக்கு இல்லாமலே போகிறது அல்லது பொருட்படுத்தாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது, சிலருக்கு மட்டும் தங்குகிறது. உங்கள் மகனுக்கு 9 வயது என்பதால் இறங்குவதற்கு முன் இன்னும் கொஞ்சம் ஏறலாம். அப்போது கலங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். டூரெட் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்க வைக்கும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்து இருக்கும், பலருக்கு ஓ.சி.டி. இருக்கும். படிப்பை அதிகம் கெடுப்பது டிக்கைவிட இவைதான். உட்கார முடியாமல் தவிக்கிறானா, ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறானா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். நீங்களும் அவன் அப்பாவும் சேர்ந்தே போய் மிஸ்ஸைப் பாருங்கள். சண்டை வேண்டாம். அவருக்கும் இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். “மிஸ், இவனுக்கு டிக் என்கிற நரம்புப் பிரச்சினை. வேண்டுமென்று செய்வதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் குறையும், சொன்னால் கூடும்” என்ற மூன்று வாக்கியம் போதும். டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுங்கள். கடைசி வரிசையும் வேண்டாம், எல்லோர் கண்ணும் முதுகில் படுகிற முதல் வரிசையும் வேண்டாம். ஓரமாக, கதவுப் பக்கம் ஒரு இடம் கேளுங்கள். ரொம்ப முட்டும்போது கேட்காமலே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வரலாம் என்று மிஸ் அவனிடம் தனியாகச் சொல்லி வைத்தால், அந்த அனுமதி இருக்கிறது என்ற தெம்பிலேயே பல பிள்ளைகள் எழுந்து போவதில்லை.

மதுரைக்குப் போகும்போது பிரிக்காத அந்த மாத்திரை அட்டையையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் அவனுக்குத் தெரியாமல் இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் அவன் எதையும் காட்ட மாட்டான். ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.